பஞ்சவர்ணத்தின் ஒற்றைக் கையெழுத்து

தேனிப் பக்கத்துச் சந்தை ஒன்றில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காதை மட்டும் கொடுத்தால் போதாது, கொஞ்சம் யோசிக்கவும் வேண்டியிருக்கும்.

அங்கே கடை போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சிக்கன நாணயச் சங்கம் வைத்திருந்தார்கள். வாரம் தவறாமல் ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்புப் போடுவார்கள். தேவைப்பட்டவர் அதிலிருந்தே கடன் எடுப்பார். வட்டி குறைவு. அந்த வட்டியும் வருஷக் கடைசியில் லாபப் பங்காக அவர்களிடமே திரும்பி வரும். நகை, பத்திரம் எதுவும் கேட்பதில்லை. ஒரு உறுப்பினரின் ஜாமீன் கையெழுத்து போதும். வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும். அதனால்தான் ஒரு விதி: ஒருவர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஜாமீன் நிற்கலாம், அந்தக் கடன் தீரும்வரை அவர் கையெழுத்து வேறு எங்கும் செல்லாது. தனக்குத்தானே போட்டுக்கொள்ளவும் கூடாது.

ஐப்பசி மழையில் சந்தைக்குள் தண்ணீர் புகுந்தது. சரக்கை இழந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக் கடன் எடுத்து மறுபடி கடை விரித்தார்கள். தேங்காய்க் கடை பஞ்சவர்ணம் அப்போது மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். வாழை இலை விற்கும் அவள் கொழுந்தன் மொக்கச்சாமியின் கடை மேட்டில் இருந்ததால் ஒரு சொட்டு நனையவில்லை. அவன் சங்கத்துப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. இட்லி மாவு விற்கும் சிலம்பாயிக்கும் நஷ்டமில்லைதான். ஆனாலும் மீன்கடைக்காரருக்காக அவள் ஜாமீன் போட்டாள்.

கார்த்திகை பிறந்தது. மொக்கச்சாமி பழைய லோடு ஆட்டோ ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். மீதிக்குச் சங்கத்தில் கடன் கேட்டிருந்தான். "ஜாமீனுக்கு நான் இருக்கேன், போ" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள் பஞ்சவர்ணம்.

கடன் கொடுக்கும் நாள். அவள் பேனாவைத் திறந்தாள். அப்போது சிலம்பாயி ஓடி வந்தாள். முழங்கை வரை உளுந்து மாவு.

சங்கத்தில் சேரும் முன்பே, புருஷன் வைத்தியத்துக்காக, செல்லப்பாண்டியிடம் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தாள். கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது, அசல் அசையவில்லை. வெட்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று அவன் வந்து, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தி, மாவோடு வண்டியில் ஏற்றிவிட்டான்.

"அது போச்சுன்னா நாளைக்கு எதை வெச்சுப் பொழைப்பேன்? அவன் அசலுக்கு மட்டும் கடன் குடுங்க, போதும்" என்றாள்.

அவள் பின்னாலேயே வண்டியும் வந்து வாசலில் நின்றது. செல்லப்பாண்டி தலையை நீட்டினான்.

"என்ன தனுஷ்கோடி, உங்க உண்டியல்ல சில்லறை தேறுமா? எதிர்த்தாப்புல டீ குடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள வெச்சா சரி. இல்லேன்னா கிரைண்டர் கம்பத்துக்குப் போகுது. வாங்குற ஆளு காத்திருக்கான்."

செயலாளர் தனுஷ்கோடி உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "பணம் இருக்கு. ரெண்டு பேருக்குமே குடுக்கலாம். ஜாமீன் யாரு?"

மீன்கடைக்காரர் எழுந்தார், தான் பூக்காரிக்கு ஜாமீன் என்பது நினைவு வந்து உட்கார்ந்தார். பூக்காரி வெங்காயக் கடைக்கு ஜாமீன். வெங்காயக் கடைக்காரர் இன்னொருவரின் தீராத பழைய கடனுக்கு. தனுஷ்கோடி உட்பட மழையில் நனைந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுப்பட்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் பஞ்சவர்ணத்தின் மேல் போய் நின்றது.

"இன்னைக்கு ஒரு நாள் விதியை ஓரமா வைங்களேன்" என்றாள் பூக்காரி.

"வெச்சா நாளைக்கு ஒரே ஆளு பத்துப் பேருக்கு நிப்பான். அவன் சாஞ்சா சங்கமே சாயும். உன் பூக்காசும் அதுலதான் கெடக்கு தாயி" என்றார் தனுஷ்கோடி.

மொக்கச்சாமிக்கு முகம் சிவந்தது. "மதினி, உங்க வார்த்தையை நம்பித்தான் அட்வான்ஸ் குடுத்தேன். இன்னைக்குப் பணம் போகலேன்னா வண்டியும் போச்சு, அட்வான்ஸும் போச்சு. அண்ணன் இருந்தா இப்படி யோசிச்சுக்கிட்டு நிப்பாரா?"

"உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் டீக்கடைக்குப் போய் அவன் கிளாஸைப் பிடுங்கியிருப்பாரு" என்றாள் பஞ்சவர்ணம்.

சிலம்பாயி மெல்லச் சொன்னாள்: "யக்கா, எனக்காக நீங்க வாக்கு மாறிறாதீங்க. பெறகு வீட்டுல சோறு எறங்காது." சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். செல்லப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

பஞ்சவர்ணத்திடம் இருப்பது ஒரு கையெழுத்து. கொழுந்தனுக்குப் போட்டால் சிலம்பாயியின் பிழைப்பு வண்டியேறிப் போகும். சிலம்பாயிக்குப் போட்டால் வாக்கு பொய்யாகும். இரண்டு பேருக்கும் போட்டால் சங்கத்தின் விதி உடையும்.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: வாக்கும் தவறாமல், விதியும் உடையாமல், கிரைண்டரும் போகாமல் இருக்க, அவள் யாருக்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

விடை: மொக்கச்சாமிக்குத்தான். கடன் கேட்டு வந்தவனைக் கேட்பவனாக மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். அவனும் உறுப்பினன், அவன் கையெழுத்து இன்னும் யாருக்கும் கட்டுப்படவில்லை. கடன் வாங்கியவர் ஜாமீன் நிற்கக் கூடாது என்று சங்கத்தில் விதி இல்லை. மழைக்காலத்தில் எல்லோரும் செய்தது அதைத்தான். பஞ்சவர்ணம் சொன்னபடி அவனுக்குப் போட்டாள். போட்ட கையோடு பேனாவை அவன் பக்கம் நீட்டி, "இப்ப நீ சிலம்பாயிக்குப் போடு" என்றாள். அவன் தயங்கினான். "அவ கட்டலேன்னா, மதினி?" பஞ்சவர்ணம் அவனையே பார்த்தாள். "நீ கட்டலேன்னான்னு நான் கேட்டேனா?" வெளியே டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மொக்கச்சாமி பேனாவை வாங்கி, குனிந்தான்.