வாயால் திருப்பிச் சொன்னால்தான் வைத்தியம்

என் கடைசிப் பிள்ளையின் கல்யாணம் முடிந்த மறுவாரம், வாடகை அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஜெபக்கூட்டத்து எஸ்தரக்கா சொன்ன கதை இது. அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் அண்டாவைக் காலில் போட்டுக்கொண்டேன்.

கொட்டாரப்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் செங்கோட்டுவேலன், நர்ஸ் பொன்னுத்தாய், கம்பவுண்டர் ஆரோக்கியதாஸ் என்று மூன்றே பேர். தங்கமான மனுஷர்கள். கர்த்தர் அவர்களுக்கு நல்ல மனசை அள்ளி அள்ளிக் கொடுத்ததில், புத்திக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

பக்கத்து ஊர் டாக்டர் மேல் யாரோ கேஸ் போட்டார்கள் என்று கேட்டதிலிருந்து மூவருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு வக்கீலைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள்.

"நடக்கிறதையெல்லாம் எழுதி வையுங்க," என்றார் வக்கீல். "என்ன வைத்தியம்னு முதல்ல விளக்கிச் சொல்லுங்க. நோயாளி அதைத் தன் வாயாலே திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் கை வைக்கணும். கேஸே வராது."

மறுநாளே கம்பவுண்டர் புது நோட்டுப் போட்டார். '9.05. ஈ வந்தது. 9.06. ஈ போனது. 9.10. ஈ வந்தது. அதே ஈயா என்று தெரியவில்லை. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது.'

தடுப்பூசிக்கு வந்த ஆறு மாதக் குழந்தைக்கு நர்ஸ் முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னாள். "எங்க கண்ணு, திருப்பிச் சொல்லு?" குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. 'நோயாளி ஆட்சேபம் தெரிவித்தார்' என்று எழுதிவிட்டு, ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாசிலாமணி என்பவர் வாயை ஆவென்று திறந்தபடி வந்தார். கொட்டாவி விட்டதில் தாடை விலகிவிட்டது. பின்னாலேயே அவர் மனைவி செல்லக்கிளி.

"டாக்டரய்யா, பதினோரு மணிக்கு எங்க பொண்ணுக்கு நிச்சயம்! பொண்ணைத் தர்றேன்னு இவரு வாயால சொல்லணும். மாப்பிள்ளையோட தாத்தா ஒரு மாதிரி. கொஞ்சம் தாமதமானாலும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு!"

"ரெண்டு நிமிஷ வேலைம்மா." கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு, தாடையைக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளும் வித்தையை டாக்டர் அழகாக விளக்கினார். "எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"ஆ..."

"ஆ வந்துடுச்சு. மிச்சம்?"

"ஆ..."

"பாவம், அவருக்குப் புரியலை டாக்டர்," என்றாள் நர்ஸ். மறுபடி விளக்கினார்கள். படம் போட்டும் காட்டினார்கள்.

"எனக்குப் புரிஞ்சுதுய்யா! நான் சொல்றேன்!" என்று கத்தினாள் செல்லக்கிளி.

"உங்க தாடை நல்லாத்தானே இருக்கு? உங்களுக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

"அப்ப எழுதித் தரச் சொல்லுங்க!"

"வக்கீல் வாயாலேன்னுதான் சொன்னார். கையைப் பத்திப் பேச்சே இல்லை."

மணி பத்தரை. மூவரும் மூலையில் கூடி யோசித்தார்கள்.

"வாய் சரியானாத்தான் சொல்லுவார்."

"சொன்னாத்தான் வாயைச் சரிபண்ணலாம்."

"ஒண்ணு செய்வோம்," என்றார் கம்பவுண்டர். "முதல்ல தாடையைச் சரிபண்ணிடுவோம். அவர் நல்லபடியாத் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் முறைப்படி வைத்தியத்தை ஆரம்பிப்போம்."

டாக்டர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு போய் ஒரே அழுத்து. தாடை உட்கார்ந்தது. மாசிலாமணி ஒரு வார்த்தை விடாமல் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "வர்றோங்கய்யா!" என்று எழுந்தார்.

"எங்க போறீங்க? இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கலையே!" டாக்டர் பதறினார். "சம்மதம் வாங்கிட்டு வைத்தியம் பண்ணாம அனுப்பினா, அதுக்கு ஒரு கேஸ் வருமே! உட்காருங்க. பழையபடி ஒரு கொட்டாவி விடுங்க."

நர்ஸ் கதவை மறித்து நின்றாள். செல்லக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள். மாசிலாமணி மட்டும் பணிவாகக் கேட்டார்:

"இப்பக் கொட்டாவி வரமாட்டேங்குதுங்கய்யா. நீங்க ஒண்ணு விட்டுக் காட்டுங்களேன்?"

"அதுக்கென்ன! இப்படி. இன்னும் பெரிசா. இன்னும்..."

டக்.

நர்ஸ் கதவை விட்டு டாக்டரிடம் ஓடினாள். புருஷனும் பெண்டாட்டியும் வெளியே ஓடினார்கள். பதினோரு மணிக்குச் சரியாக, "என் பொண்ணைத் தர்றேன்" என்று மாசிலாமணி மூன்று தரம் சொன்னாராம். தாத்தாவும் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தாராம்.

இங்கே நர்ஸ் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக்கொண்டு போனாள்.

"நில்லு தாயி!" என்றார் கம்பவுண்டர். "டாக்டர் சொல்லாம நாம கை வச்சா, அது ஒரு கேஸ் ஆயிடும். டாக்டர், என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"ஆ..."

"யோசிக்கிறார். பொறுப்போம்."

எஸ்தரக்கா இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கும் டாக்டர் யோசித்துக்கொண்டுதான் இருந்தாராம். பாவம், வாய்விட்டு ஜெபிக்க அவரால் முடியாது. இன்று படுக்கப் போகுமுன் அவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.