ரெஜினாவின் பையில் என்ன?

திருப்பூர் தையல்காரிகள் ரெஜினாவும் செண்பகமும் மலிவு டிக்கெட்டில் மூன்று நாள் பயணமாக மலேசியாவின் பினாங்குக்குப் போனார்கள். அங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் ஒரு தமிழ் அதிகாரி ரெஜினாவின் பையை மறித்தார்.

"நீங்களே அடுக்கினதா?"

"இல்லைங்க. அவங்கவங்க பைன்னா ரெண்டு பேருக்கும் மறதி. என் பையை இவ அடுக்குவா, இவ பையை நான்."

அதிகாரி மீசையை முறுக்கினார். "அப்ப இவங்க சொல்லட்டும். ஒரு பொருள் விட்டுப்போனாலும் ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்!"

மாத்திரை, தைலம், இஞ்சி மிட்டாய் என்று செண்பகம் ஒப்பித்தாள்.

அவர் அடியிலிருந்த பொட்டலத்தைத் தொட்டார். "இது?"

செண்பகம் அவர் காதருகே போனாள். "சேலைங்க. நாளைக்கு அவளுக்குப் பொறந்தநாள். என் பையை அவ அடுக்குறப்ப, வேற எங்கங்க ஒளிக்கிறது?"

ரெஜினாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி சரியாக இருந்தது. அவர் பையை மூடினார்.

"என்னங்க அது?" என்றாள் ரெஜினா.

"ஆபத்தான பொருள்மா," என்றார் கறாராக. "நாளைக் காலை வரைக்கும் நீங்க தொடக்கூடாது."