கரடி கடைக்குப் போன களஞ்சியச் சோளம்

முதலில் அணில்களின் பழக்கடை மூடப்பட்டது. இரண்டாவதாக, அங்கே வேலையிழந்த எலிகளும் கரடியின் சோளப்பொரிக் கடைகளில் வேலைக்குச் சேர, எல்லா எலிகளின் கூலியும் பாதியானது. மூன்றாவதாக, பசித்த எலிகளுக்குச் சிங்கராஜா பொதுக் களஞ்சியத்திலிருந்து கஞ்சி ஊற்றியது. அதைக் காட்டிக் கரடி கூலியை இன்னும் குறைத்தது. நான்காவதாக, மழை பொய்த்தது. களஞ்சியத்தில் மிஞ்சியது விதைச்சோளம் மட்டுமே. மறுநாள் சபை கூடியதும் அதுவும் கரடிக்குப் போகவிருந்தது.

இந்த அநியாயங்களை இதே வரிசையில் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கி வந்தது கூர்முகன் என்ற கிழட்டு முள்ளம்பன்றி.

களஞ்சியத்திலிருந்து யாருக்கு எதைக் கொடுப்பதானாலும், ஒரு குடிமகன் ஓலையில் கால்தடம் பதித்துக் கேட்க வேண்டும். கேட்டவரே சபையில் எழுந்து "வேண்டாம்" என்றால்தான் அது நிற்கும். அது அந்தக் காட்டின் வழக்கம்.

"கரடிக்காகக் கேட்ட கைக்கூலி யாரென்று பார்த்துவிடலாம், வா" என்று பொரிக்கடை எலி பொடிச்சியை அழைத்துக்கொண்டு, ஓலை காக்கும் கொக்கிடம் போனது கூர்முகன்.

கொக்கு ஓலையை நீட்டியது.

'அஞ்சாத போராளி, அடக்குமுறையின் எதிரி கூர்முகன், எலிகளுக்கு வேலை கேட்டு எழுதுவது' என்று தொடங்கியது ஓலை. நான்கு வருடங்களுக்கு முன் கரடி எழுதிக் கொண்டுவந்த ஓலை அது. அந்த முதல் வரியைக் கூர்முகன் அன்று மூன்று முறை படித்தது. அடுத்த வரியைப் படிக்காமலே கால்தடம் பதித்தது. 'வேலை தரும் கரடிக்கு ஆண்டுதோறும் களஞ்சியச் சோளம் இலவசம்.'

ஓசிச் சோளத்தில் பொரித்த மலிவுப் பொரிதான் அணில்களின் கடையை மூடவைத்தது.

"யார் பெயர் இருக்கிறது, தோழர்?" என்றது பொடிச்சி.

"எழுத்து மங்கலாக இருக்கிறது."

பொடிச்சி எட்டிப் பார்த்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கால்தடத்தில் ஒரு விரல் இல்லை. கண்ணியில் போன விரலென்று மேடைக்கு மேடை தூக்கிக் காட்டுவீர்களே?"

கூர்முகனின் முட்கள் தாழ்ந்தன. "அடுத்த மாதச் சபையில் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்."

"அப்போது விதைக்க என்ன இருக்கும்?"

"என்னைத் துரோகி என்பார்கள், பொடிச்சி."

"அப்படிச் சொல்வதற்காவது என் குஞ்சுகள் உயிரோடு இருக்கட்டும், தோழர்."

மறுநாள் குளக்கரையில் சபை கூடியது. அணில்கள் முன்வரிசையில் இருந்தன. அவற்றின் முகத்தைக் கூர்முகனால் பார்க்க முடியவில்லை.

"தோழருக்கு உடம்பு சரியில்லை போல. வீட்டுக்குப் போகட்டும்" என்று கரடி இளித்தது.

கூர்முகன் எழுந்தது. "அந்தச் சோளத்தைக் கேட்டது நான். இனி வேண்டாம். ஓலையை வாசி, கொக்கே. பட்டங்களை விட்டுவிடு. பெயர் மட்டும் எல்லோருக்கும் கேட்கட்டும்."

கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தது:

"கூர்முகன்."

பொதுச்சொத்தை வாரிக் கொடுத்தது யார் என்று கேட்கப் புறப்படுகிறவர், அங்கே தன் பெயர் இருந்தாலும் வாசிக்கச் சொல்ல வேண்டும்.