மயில் மூச்சு வாங்கிய தாராபுரம் ரோடு

எங்கள் வீட்டு மாப்பிள்ளை கனகராஜ் அண்ணா பொய்யே சொல்ல மாட்டார். நடந்தது அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடும், அவ்வளவுதான்.

பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபம். என் மகன் இனியனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியாகிவிட்டது. பந்திக்கு இலை போடும்வரை சொந்தக்காரர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! என் நாத்தனார் சுகந்தி அண்ணியின் கணவரான கனகராஜ் அண்ணா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் திருப்பூரிலிருந்து வேனில் வந்தவர்கள். அண்ணிக்கும், எனக்கும், என் கணவர் யுவராஜுக்கும், குழந்தைக்கும் மட்டும் அண்ணாவின் புதுக் காரில் வரும் பாக்கியம் வாய்த்தது. சாயங்காலம் அதே பாக்கியம் திரும்பவும் வாய்க்கவிருந்தது.

வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். வீட்டு மாப்பிள்ளையிடமா? போன தீபாவளிக்கு இரண்டாம் தரம் ரசம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை என்று, பொங்கல்வரை எங்கள் வாசல் மிதிக்காதவர் அவர். காலையில் நான் மெதுவாக, "வேன்ல வரட்டுமா?" என்று இழுத்தேன். மாமியாரான அத்தை என் கையைக் கிள்ளினார். யுவராஜ் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை ஆராய்ச்சி செய்தார்.

"திருப்பூர்ல பால அடுப்புல வெச்சுப்போட்டுக் கெளம்புனேன்னு வெய்ங்க," அண்ணா ஆரம்பித்தார், "அது பொங்கறதுக்குள்ள பழனி வந்துரும். டேஷ்போர்டுல காபி டம்ளர் வெச்சிருந்தேன். மேல படிஞ்ச ஆடை அசையோணுமே? ம்ஹூம்!"

காபி எங்கே போனது என்பது என் புடவைக்குத் தெரியும்.

"பிரேக்கு, கிரேக்கு?" என்றார் பொன்னுசாமி மாமா. அத்தையின் தம்பி. அந்தக் கூட்டத்திலேயே மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்கும் தைரியம் அவருக்குத்தான்.

"பிரேக்கா? அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்குங்க மாமா. தாராபுரம் தாண்டி காத்தாடி நிக்குதுங்களே, கரண்ட் எடுக்கறது? காத்தே இல்ல, அத்தனையும் தூங்கிட்டு நிக்குது. நான் போன போக்குல எல்லாம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. அக்கம்பக்கத்து ஊர்ல பட்டப்பகல்ல லைட்டு எரியுது!"

"அப்ப கரண்டு பில்லு உங்க பேருக்கு வருமுங்களே மாப்ள!"

"சிரிக்காதீங்க. போலீசு கேமரா வெச்சிருந்தான். போட்டோவுல வண்டியே விழல. நெழலு மட்டும்தான் விழுந்திருக்குது. பாவம், நெழலுக்கு ஃபைன் எழுதிட்டு நிக்கறான்."

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு வளைவில் தேங்காய் லாரியை முந்திக்கொண்டே ஃபோனில் யாரிடமோ, "வந்துட்டே இருக்கேன்" என்றார். எதிரே பஸ் வந்துகொண்டே இருந்தது. அதன் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தின் காம்புவரை எனக்குத் தெரிந்தது. இனியனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு முருகா என்றேன். கான்வென்ட் பழக்கத்தில் மாதாவே என்றேன். யாருக்கு வேலை இல்லையோ அவர் வரட்டும்.

"அட, இவ்வளவு ஏனுங்க," அண்ணா மலையைக் கைகாட்டினார். "அன்னிக்கு அண்ணனும் தம்பியும் பழத்துக்குப் பந்தயம் வெச்சாங்க இல்ல? முருகன் மயில நம்பிக் கெட்டாரு. நான் மட்டும் வண்டி எடுத்திருந்தா, பிள்ளையார் அம்மா அப்பாவச் சுத்தறதுக்கு எந்திரிக்கறதுக்குள்ள, உலகத்தச் சுத்திக் கொண்டாந்து விட்டிருப்பேன்!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் என் பக்கம் திரும்பி, "சாப்ட்டு ரெடியா இரும்மா. வரும்போது மெதுவா வந்துட்டேன். போறப்பப் பாரு," என்றார்.

மெதுவாக!

பொய் சொன்னால் வராந்தாவில் முட்டி போட வைக்கும் பள்ளியில் படித்தவள் நான். முட்டியை ஒருதரம் தடவிக்கொண்டேன்.

"அண்ணா அடக்கமா பேசறாங்க. முக்கியமானதைச் சொல்லவே இல்லை," என்றேன்.

அத்தை என் கையைத் தேடினார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு வளைவு தாண்டினதும் பார்க்கறேன், பின் சீட்ல எனக்கும் அண்ணிக்கும் நடுவுல ஒரு சின்னப் பையன். மொட்டைத் தலை, கோவணம், கையில தண்டம். 'மயில்ல உங்க கூடவேதான் வந்தேன் அக்கா, அது தாராபுரத்துலயே மூச்சு வாங்கிப் படுத்துருச்சு, அதான் ஏறிட்டேன்'னு சொல்றார்."

"பாத்தீங்களா!" என்றார் கனகராஜ் அண்ணா, பெருமை தாங்காமல்.

"கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நடுங்குது. 'நான் கோவிச்சுக்கிட்டு மலை ஏறினேன்னு ஊரே நினைக்குது. இல்லக்கா. இந்த மாதிரி வண்டிக்குப் பயந்துதான் ஏறினேன்' அப்படின்னார். இறங்கறப்ப கண்டிப்பாச் சொல்லிட்டார். 'இது தனியாப் பறக்க வேண்டிய வண்டி. பாரம் ஏத்தினா அதுக்கு அவமானம். எனக்கு மொட்டை போடற குழந்தையைத் திரும்பறப்ப வேன்லயே அனுப்பிடு.'"

பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள்.

"என்னுங்க மாப்ள, புள்ள பொய் சொல்லுதுங்களா?" என்றார் பொன்னுசாமி மாமா. "இது பொய்யின்னா அந்தக் காத்தாடி சுத்துனது, நெழலுக்கு ஃபைன் போட்டது..."

"சேச்சே! பொய்யின்னு யாரு சொன்னா?" அண்ணா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பின்னாடி யாரோ ஏறுன மாதிரிதான் இருந்துச்சு. ஆமா, அப்பறம் மலைக்கு எப்பிடிப் போனாராம்? விஞ்ச் வண்டியிலயா?"

"நடந்துதான். சக்கரம் வெச்சது எதையும் கொஞ்ச நாளைக்குப் பார்க்கவே பிடிக்கலையாம்."

அத்தை எழுந்தார். மாப்பிள்ளை முகத்தை ஒருதரம் பார்த்தார், பேரனின் சந்தனம் பூசிய தலையை ஒருதரம் பார்த்தார். "சாமி வாக்கு. மீற முடியுமா? யுவராசு, கொழந்த பையத் தூக்கி வேன்ல வெய்யி," என்றார். யுவராஜ் மண்டபத்து ஃபேனை விட்டுவிட்டு எழுந்த வேகத்துக்கும் கேமராவில் நிழல்தான் விழுந்திருக்கும்.

மாமா விடவில்லை. "ஏம்மா சுகந்தி, நீயும் பக்கத்துலதான இருந்த? சாமியப் பாத்தியா?"

"நான் எங்க மாமா பாக்கறது?" அண்ணி தன் கூடையை என் பைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். "கல்யாணம் ஆனதுல இருந்து இவரு ஓட்டற வண்டியில நான் கண்ணத் தொறந்ததே இல்ல. அம்மிணி, வேன்ல எனக்கும் ஒரு சீட்டுப் போடு."