சென்னியப்பன் செய்த டூல்கிட்

சென்னியப்பன் பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சும்மா அனுப்ப அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். பவுடர் பூசி, பொட்டு வைத்துத்தான் வெளியே விடுவார். காலையில் வீட்டில் விழுந்த பல்லி ஆபீசுக்கு வரும்போது உடும்பாகியிருக்கும். சாயங்காலம் டீக்கடையில் அது முதலை. அதோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தத் தடவை அவர் பவுடர் பூசியது அம்சவேணியின் உழைப்புக்கு.

பெருந்துறை ரோட்டிலிருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவர் சீனியர், அவள் ஜூனியர். மஞ்சள் வியாபாரிகள் சங்கம் ஒன்று ஏலத்துக்கு ஒரு புரோகிராம் கேட்டிருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரோ கிழடு. பெரிய பெரிய டூல்கிட்டை அதில் ஏற்றினால் ஒரு ஜன்னல் திறப்பதற்குள் டீ வந்து ஆறிவிடும். அதனால் ஜன்னல், பட்டன், எழுதும் பெட்டி ஆகியவற்றைத் திரையில் வரைந்து தரும் சாமான்களை மட்டும் வைத்து, ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் சின்னதாக ஒரு டூல்கிட்டை அம்சவேணியே எழுதினாள். தும்பை என்று பெயரும் வைத்தாள். இந்த வேலை கிடைத்தால் தும்பையை எழுதியவர்தான் மண்டி வேலைக்கெல்லாம் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சொன்ன மறுநாளே தும்பையின் முதல் ஜன்னலில் 'உருவாக்கியவர்: சென்னியப்பன்' என்று வந்துவிட்டது.

அதை அம்சவேணி பார்த்ததே சங்கத்தில் வைத்துத்தான், செயலாளர் குப்பண்ணனுக்கும் வியாபாரி மாரப்பனுக்கும் எதிரில். அங்கேயே கேட்டால் சண்டையாகும். சண்டை போடுகிற கம்பெனிக்கு வேலை யார் தருவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மத்தவிய டூல்கிட்டப் போட்டா டிஸ்க்குல எடம் கொறையுமுங்க," என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "நம்முளதப் போட்டா எடம் கூடும். எங்க ஆபீஸ்ல போட்ட அன்னிக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, அத்தன காலி எடம். மச்சான் கல்யாண வீடியோ மொத்தமும் ஏத்தியாச்சு. இன்னும் ரெண்டு கல்யாணத்துக்கு எடம் கெடக்குது."

"மச்சானுக்கேவா?" என்றார் மாரப்பன்.

"எடத்தச் சொன்னேனுங்க." சென்னியப்பன் அசரவில்லை. "இதப் பென்டிரைவுல காப்பி பண்ணி மேசை மேல வெச்சுட்டு ஃபேனப் போட்டனுங்க. பென்டிரைவு பறந்து போயி டியூப்லைட்டு மேல உக்காந்துக்கிச்சு. ஏணி வெச்சு எடுத்தோம்."

"ஏனுங் தம்பி, வெறும் பென்டிரைவே பறக்காதே?"

"வெறும் பென்டிரைவு பறக்காதுங்க. தும்பை உள்ள போனா அதோட எடையவும் வாங்கிக்கும். ஒரு மூட்ட மேல வெச்சுப் பாத்தேன், தராசு அஞ்சு கிலோ கம்மியாக் காட்டுது."

மாரப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத நாங்க சரக்கு வாங்கறப்ப மட்டும் வெச்சுக்கலாமுங்களா?"

குப்பண்ணன் ஒரு முறை முறைத்தார். நாற்காலி பழைய இடத்துக்கே போயிற்று.

குப்பண்ணனுக்குப் பேச்சு கம்மி. யார் எதைச் சொன்னாலும் ஒரே முகம். அந்த முகத்தைப் பார்த்து மதிப்பு கூடிவிட்டதாகச் சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். அங்கிருந்து அவர் கால் தரையில் படவில்லை.

"வேகத்தச் சொல்லலியே! கிளிக் பண்ற வரைக்கும் மத்ததெல்லாம் காத்துக்கிட்டு இருக்கும். இது நீங்க நெனைக்கறப்பவே தொறந்துக்கும். போன வாரம் காலைல கம்ப்யூட்டர ஆன் பண்றேன், 'சேமித்தாகிவிட்டது'ன்னு வருது. என்னத்தடா சேமிச்சேன்னு பாத்தா, நான் மத்தியானம் எழுதப் போறத! பொறவு எனக்கு அங்க என்ன வேல? ஊட்டுக்குப் போயிட்டேன்."

"நீங்க தெனமும் அப்படித்தானுங்ணா போறீங்க," என்றாள் அம்சவேணி.

மாரப்பன் சிரித்துவிட்டார். சென்னியப்பனும் சேர்ந்து சிரித்தார். தன்னைக் கேலி செய்வதும் ஒரு விளம்பரம்தான் என்பது அவர் கொள்கை.

"இத்தன பெரிய சாமான எழுத எத்தன மாசமாச்சுங்க?" என்று கேட்டார் மாரப்பன்.

மூன்று மாசம். அம்சவேணிக்குத் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது.

"மாசமா? பஸ்ஸுல எழுதினதுங்க," என்றார் சென்னியப்பன். "நல்ல கூட்டம். ஒரு கை கம்பியப் புடிச்சிருக்குது. இன்னொரு கையில டிக்கெட்டு. அந்த டிக்கெட்டுக்குப் பின்னாடி ஒரே வரி, முழு டூல்கிட்டும் முடிஞ்சுது. அதுக்குள்ள செக்கிங் ஏறி டிக்கெட்டப் பாதியாக் கிழிச்சுப்போட்டாரு. போச்சுடான்னு மிச்சமிருந்த பாதிய ஆபீஸ்ல வந்து ஓட்டிப் பாக்கறேன், முன்னவிட ஜோரா ஓடுது! அந்தப் பாதிதானுங்க இது."

"எழுதினது எந்தக் கைங்ணா?" என்றாள் அம்சவேணி. "ஒண்ணுல கம்பி, ஒண்ணுல டிக்கெட்டு."

"பேனா வாயில இருந்துச்சு அம்மிணி."

"எல்லாமே அங்கிருந்துதான வருது," என்றாள் அவள்.

குப்பண்ணன் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. திரும்பவும் பழையபடி ஆகிவிட்டது.

சென்னியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "இதோட ஜன்னலப் பாருங்க. இழுத்தா வழுக்கிட்டுப் போகும். ஒரு நாளு கொஞ்சம் வெரசா இழுத்துப்போட்டேன். மானிட்டரத் தாண்டிப் போயிச் சுவத்துல ஒட்டிக்கிச்சு. நானும் மௌஸ வெச்சு இழுக்கறேன், வர மாட்டேங்குது. இப்ப எங்க ஆபீஸ்ல தெக்குச் சுவத்துல இருக்கற ஜன்னலு அதுதான். கொசுவலை அடிச்சிருக்குது, வந்து பாருங்க."

"காத்து வருதுங்களா?" என்றார் மாரப்பன்.

"தெக்கத்திக் காத்து, சும்மா ஜிலுஜிலுன்னு."

"அதுக்கு வீட்டு வரி கட்டுறீங்களா?"

"நோட்டீசு வந்துச்சுங்க. தும்பை அதையும் டெலீட் பண்ணிப்போடுச்சு." சென்னியப்பன் மூச்சு வாங்கினார். பிறகு மேசையைத் தட்டி முத்தாய்ப்பு வைத்தார். "மொத்தத்துல, ஒடையறதுங்கற பேச்சே கெடையாது. ஆன வந்து கீபோர்டுல உக்காந்தாலும் ஒடையாது. ஏன்னா, ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதினது."

குப்பண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப ஒடிச்சுப் பாத்துரலாமுங்களா?"

மஞ்சள் மண்டியில் இது சாதாரணம். விற்கிறவர் எவ்வளவுதான் பேசினாலும், வாங்குகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். சத்தம் எப்படி, உள்ளே நிறம் எப்படி என்று பார்த்த பிறகுதான் விலை.

"மாரப்பா, நீ ஏலம் கேளு," என்றார் குப்பண்ணன்.

அம்சவேணி திரையையே பார்த்தாள். உடையக் கூடாது, உடைந்தால் வேலை போய்விடும். உடையாவிட்டால் எல்லாம் சென்னியப்பனுக்குப் போய்விடும். எதற்கு வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசியில் உடையக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டாள். அவள் பெற்ற பிள்ளை அல்லவா!

மாரப்பன் விலைப் பெட்டியில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். ஆயிரமோ, பத்தாயிரமோ இல்லை. மண்டியில் வாயால் கேட்பது போலவே அடித்தார்: 'நேத்து விலை'.

எண் வரும் என்று நினைத்து எழுதிய பெட்டி அது. யாராவது இப்படிக் கேட்பார்கள் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மாரப்பன் பட்டனை அழுத்தினார். திரை ஒரு கணம் திகைத்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது:

'இங்கே ஏதோ தவறு. அம்சவேணியைக் கூப்பிடவும்.'

ஆபீசில் சோதித்துப் பார்த்த நாட்களில் அவள் போட்டு வைத்த பெட்டி. எங்கே சிக்கினாலும் ஆட்கள் சென்னியப்பனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார், சிக்கல் அப்படியே இருக்கும். அதற்காகப் போட்டது. பெயரை மாற்றிய மகராசன் முதல் ஜன்னலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்திருந்தால்தானே!

"யாருங்க அம்சவேணி?" என்றார் குப்பண்ணன்.

"நானுங்க." அவள் குனிந்து 'சரி' என்ற பட்டனை அழுத்தினாள். பெட்டி மறைந்தது, ஏலம் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. "நேத்து விலைன்னு அடிச்சா நேத்து விலையவே எடுத்துக்கற மாதிரி நாளைக்கே பண்ணிரலாமுங்க. எங்க மாத்தணும்னு தெரியும்."

குப்பண்ணன் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பண்ணிரு அம்மிணி. ஒடையாத சாமான் ஒலகத்துல இல்ல. ஒடஞ்சா யாரக் கூப்புடோணும்னு சொல்ற சாமான இன்னிக்குத்தான் பாக்கறேன். இனி இந்த வேலைக்கு நீயே வா. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் டீ குடிக்கப் போயிருப்பார்கள். சென்னியப்பன் திரைக்கும் குப்பண்ணனுக்கும் நடுவில் தலையை நுழைத்தார்.

"பாத்தீங்களாங்க! என்னோட டூல்கிட்டுக்கு இருக்கற அறிவ! பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு அதுவாவே பாத்து, அந்தப் பேரப் போடுது!"

குப்பண்ணன் தலையை ஆட்டினார்.

"நெம்ப அறிவுதானுங்க தம்பி. நீங்களுந்தான் பக்கத்துல நிக்கறீங்க. உங்களக் கூப்புடச் சொல்லலியே."