தட்டில் ஒட்டிய பருக்கை

மேற்கு மலையடிவாரத்தில், வயலும் வாழையும் சூழ்ந்த இடத்தில், இருபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஆவுடையம்மாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் சுற்றுப்பக்கத்து வாத்தியார்கள், நரைத்தவர்கள்கூட, தீராத சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்கள். போனவர்களுக்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, ஏதாவது ஒரு வேலை கிடைக்கும்.

அங்கே சமைக்க ஆள் கிடையாது, கூட்ட ஆள் கிடையாது. அடுப்பைப் பற்றவைக்க மட்டும் பெரியவர் ஒருவர் துணை நிற்பார். மற்றதெல்லாம் பிள்ளைகள்தான். இன்று கூட்டியவர் நாளைக்குக் கீரை ஆய்வார், மறுநாள் தட்டுக் கழுவுவார்.

ஒரு தீபாவளி கழிந்த வாரம் கோமதிநாயகம் என்ற வாத்தியார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். நாற்பத்தொன்பது வயது. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய கையெழுத்துக்கு ஜில்லாவில் ஒரு பெயர் உண்டு. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கியவர். பலகையில் முதல் வரியாக எப்போதும் ‘தன் கையே தனக்கு உதவி’ என்றுதான் எழுதிப் போடுவார். முத்து முத்தாக இருக்கும்.

“டீச்சர், ஒரு கேள்வியோட வந்திருக்கேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இவ செண்பகம். அஞ்சாம் வகுப்பு. தலை சீவத் தெரியாது. துணி மடிக்கத் தெரியாது. சாப்பிட்ட தட்டக் கழுவத் தெரியாது. ஜூன் மாசம் டவுன்ல விடுதிக்குப் போகணும். அவ அம்மா படிச்ச பள்ளிக்கூடம். சாகும்போது அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டா. இவ அங்க போயி எப்படி இருப்பா? இவளுக்கு எப்படிச் சொல்லித்தரது?”

“இதுவரைக்கும் யாரு செஞ்சா?”

“நாந்தான். தாயில்லாப் பிள்ளை டீச்சர். ஒரு குறையும் தெரியக் கூடாதுன்னு…”

பேசிக்கொண்டிருக்கும்போதே மகளின் செருப்பு வார் கழன்றிருந்ததைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. குனிந்து, வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். குனிந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. செண்பகம் காலை நீட்டியதும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஆவுடையம்மாள் அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சொல்லித்தர வேண்டாம் அண்ணாச்சி. இங்கயே இருங்க. அவ பிள்ளைகளோட இருக்கட்டும். உங்களுக்கு ஒரு வேலை தாரேன்.”

வாசலில் ஒரு முறைப்பலகை இருந்தது. நாளைக்கு யார் அடுப்படி, யார் விளக்குமாறு, யார் தட்டு என்று முந்தின நாள் சாயந்தரமே அதில் எழுதிவைக்க வேண்டும். அந்த வேலை கோமதிநாயகத்துக்கு வந்தது. கரும்பு தின்னக் கூலியா என்று அவர் சந்தோஷமாகச் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தார்.

செண்பகத்துக்கு முதல் முறையே தட்டுக் கழுவுகிற வேலை விழுந்தது. கூட இரண்டு பிள்ளைகள். ஒருத்தி முப்பிடாதி, இரண்டாம் வகுப்பு. தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு எப்படித் தேய்ப்பது என்று அந்தப் பொடிசு செண்பகத்துக்குக் காட்டிக் கொடுத்தது. செண்பகம் நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்தாள். பாவாடை முழுக்க நனைந்தது. கழுவிய தட்டைக் கையில் ஏந்தி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோமதிநாயகமும் போய்ப் பார்த்தார். தட்டின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிஞ்சு மனசு நொந்துவிடக் கூடாதே. மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும், தட்டுகளை மறுபடியும் குழாயடிக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்த நாள் கூட்டுகிற முறை. மூலையெல்லாம் குப்பை அப்படியே கிடந்தது. பிள்ளைகள் போனதும் அவர் கூட்டினார். அதற்கு அடுத்த நாள் குழம்பில் உப்பு இல்லை. யாரும் பார்க்காத நேரம் ஒரு கை அள்ளிப் போட்டார். செண்பகம் செய்தது என்றில்லை, முப்பிடாதி செய்ததையும் மற்றப் பிள்ளைகள் செய்ததையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடமே துலங்கியது. ஆவுடையம்மாள் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று மனதுக்குள் எதிர்பார்க்கவும் செய்தார். மனுஷன்தானே.

இருபது நாள் போயிருக்கும். ஒரு சாயந்தரம் பலகை எழுதிக்கொண்டிருக்கும்போது செண்பகம் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, எம் பேரைப் போடாதீங்க.”

“ஏம்மா?”

“எனக்கு வராது.”

“தட்டு நல்லாத்தானம்மா கழுவினே?”

அவள் அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் மிச்சப் பெயர்களையும் எழுதி முடித்தார். ஜூன் மாதத்துக்கு எண்ணி ஆறு மாதம். வந்த அன்றைக்காவது அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஏதோ செய்தாள். இப்போது அதுவும் போயிற்று. நேரே ஆவுடையம்மாளிடம் போனார்.

“டீச்சர், நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல.”

“அப்படியா அண்ணாச்சி.”

“பிள்ளை, வந்ததுக்கு மோசமாப் போயிட்டா. எனக்கு வராதுன்னு சொல்லுதா.”

“பலகை எழுதியாச்சா?”

“எழுதிட்டேன்.”

“சரி, பாப்போம்.”

மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தவர் திகைத்துப் போனார். பலகையில் அவர் எழுத்து இல்லை. அதே பெயர்கள், அதே வேலைகள், அதே வரிசை. ஆனால் எழுத்து ஆவுடையம்மாளுடையது. கோழி கிளறிய மாதிரி இருந்தது.

ஏதோ தவறு விட்டிருப்போம் என்று அன்றைக்கு இன்னும் கவனமாக எழுதினார். மறுநாளும் அழிந்திருந்தது. கோடு போட்டு, அளந்து எழுதினார். அதுவும் அழிந்திருந்தது. கேட்கவும் கூச்சமாக இருந்தது. எந்த எழுத்தில் குற்றம்? சுழியிலா, கொம்பிலா? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. இருபத்திரண்டு வருடக் கையெழுத்து. அதை அழித்துவிட்டு இந்தக் கோழிக் கிளறலா?

ஐந்தாம் நாள் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்த கை ஓடவில்லை. எப்படியும் அழிக்கத்தானே போகிறார்கள் என்று கிறுக்கி வைத்தார். ஆறாம் நாள் எழுதவே இல்லை.

விடிந்ததும் ஆவுடையம்மாள் வெறும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பலகை சும்மா இருக்கே?”

“நீங்களே எழுதிருங்க டீச்சர்.”

“ஏன்?”

“எனக்கு வராது போலிருக்கு.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. மூன்றாம் மனிதர் யாரோ சொன்னதைக் கேட்டவர்போல நின்றார்.

ஆவுடையம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“உங்க எழுத்துல குத்தம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு அப்படி வராது.”

“பின்ன ஏன் அழிச்சீங்க?”

“ஒரு ஒத்தாசைதான். நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு, யாரும் முழிக்கதுக்கு முன்னால வந்து செஞ்சேன்.”

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“செண்பகம் சொன்னாளா?”

“அவ ஒண்ணும் சொல்லல. பதிமூணு வருசமா நான் சாப்பிட எடுக்கிற தட்டுல பருக்கை ஒட்டியிருக்கும். ஒரு நாள் தப்பினதில்ல. இப்ப ஒரு மாசமா இல்ல.”

அன்று மகளைத் தனியே கூப்பிட்டார். வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார்கள்.

“நான் தட்டைத் திருப்பிக் கழுவினது உனக்குத் தெரியுமா?”

அவள் தலையாட்டினாள்.

“எப்பம்மா பாத்தே?”

“மொத நாளே. பென்சில் டப்பாவை மறந்துட்டேன்னு எடுக்க வந்தேன்.”

“ஏன் கேக்கல?”

“நீங்க பாட்டு பாடிக்கிட்டே கழுவினீங்க. அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பாடினீங்க.”

தான் பாடியதே அவருக்கு ஞாபகம் இல்லை. பிள்ளைக்குக் குறை தெரியக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் குறையக் கூடாது என்று அந்தப் பத்து வயது, தன் கைக்கு ஒன்றும் வராது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செண்பகம் அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மறுபடியும் ஆவுடையம்மாளிடம் போனார்.

“டீச்சர், இனி இந்தக் கைய என்ன செய்யட்டும்?”

“பின்னால கட்டிக்கிடுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு லேசு இல்ல அண்ணாச்சி. எனக்கு நாலு வருசம் ஆச்சு.”

லேசாக இல்லைதான். அன்று மத்தியானம் செண்பகம் கழுவிய தட்டில் அவர் சோறு வாங்கினார். ஓரத்தில் பிசுக்கு. எதிரே இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அவளுக்குத் தட்டு முறை வந்த நான்கைந்து தரம் அப்படியே போயிற்று. அப்புறம் ஒரு நாள், முப்பிடாதியிடம் கேட்டு, செண்பகம் ஒரு துண்டுப் புளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அன்றைக்குப் பிசுக்கு இல்லை. அதையும் அவர் சொல்லவில்லை. இன்னொரு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தை போனது, மாசி போனது. செண்பகம் ஒற்றைச் சடையைக் கோணலாகப் பின்னினாள், அப்புறம் நேராகப் பின்னினாள். ரசம் வைக்கப் பழகி, கை சுட்டு, ஊதி, மறுபடி வைத்தாள். அவள் கை சுட்ட அன்று கோமதிநாயகம் மருந்து மட்டும் போட்டுவிட்டார், கரண்டியை வாங்கவில்லை. அன்று முழுக்க வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

முறைப்பலகையில் மறுபடியும் முத்து முத்தாக எழுத்து வந்தது. யாரும் அழிக்கவில்லை.

சித்திரையில் பள்ளிக்கூடம் மூடும் நாள் வந்தது. காலையில் சட்டையை மாட்டப்போனவருக்கு ஒரு பொத்தான் புதிதாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. இடமும் ஒரு விரற்கடை மேலே. போட்டுப் பார்த்தால் சட்டையின் ஒரு முனை ஏறி நின்றது.

“நல்லா இருக்காப்பா? போன வாரமே பொத்தான் அந்து போச்சு. நாந்தான் தச்சேன்.”

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பொத்தானைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

“கெட்டியா நிக்குதும்மா.”

அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அம்மாவுக்கும் அப்படித்தான், சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் குழியும். போய்ச் சேர்ந்தவள் கேட்டுக்கொண்டதைத் தன்னால் செய்ய முடியும் என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

ஏறுக்கு மாறாய் நின்ற அந்தச் சட்டையோடுதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார், அதோடுதான் சாயந்தரம் ஆவுடையம்மாளிடம் விடைபெறவும் போனார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைபாக்கும் இருந்தன. செண்பகம் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், எம் பிள்ளைய எனக்குத் திருப்பிக் கொடுத்திட்டீங்க. நான் ஒரு வாத்தியார், எனக்கே வாத்தியாரா இருந்தீங்க. இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்? இந்தப் பழம் ஒரு காணிக்கையா?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஆவுடையம்மாள் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஏறி நின்ற சட்டை முனையைப் பார்த்தார், சிரித்தார்.

“காணிக்கை முன்னாலயே வந்து சேந்துட்டு அண்ணாச்சி.”

“எப்ப டீச்சர்?”

“இன்னைக்கு மத்தியானம். என் தட்டுல ரெண்டு பருக்கை ஒட்டியிருந்தது. முப்பிடாதி கழுவின தட்டு. அவ கழுவும்போது நீங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தீங்க.”