தாகமில்லை என்றவர்

"சிஸ்டர், அந்த ஆளுக்கு இனி நான் தண்ணி கொடுக்க மாட்டேன்," என்றார் நல்லசிவம்.

எஸ்தர் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்திருக்காரே, லாரி டிரைவர் கருப்பண்ணன். உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. காய்ச்சல் வேற ஏறுது. தம்ளரை நீட்டினா வாயை இறுக்கி மூடிக்கிறார்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"தாகமில்லைங்கறார். வெறும் வீம்பு."

நூல் மில்லை மூடிய பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில் நர்ஸ் வேலை கற்க வந்தவர் நல்லசிவம். அந்த மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த எஸ்தர், வயதில் அவரைவிடச் சிறியவர்.

"ஊசி, மருந்து, படுக்கை மாத்துறது. எதுல நான் குறை வச்சேன், சொல்லுங்க."

"எதுலயும் இல்ல."

எஸ்தர் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க."

குடித்தார்.

இன்னொரு சொம்பு வந்தது. அதையும் குடித்தார்.

கருப்பண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

"இதுல படுங்க. நான் வர்ற வரைக்கும் கால் தரையில படக்கூடாது. எது வேணும்னாலும் கேட்டு வாங்கிக்குங்க."

போனவர் வரவில்லை. ஜன்னல் வெயில் நகர்ந்தது. நல்லசிவத்துக்கு அடிவயிறு கனத்தது. பிறகு வலித்தது.

ஒரு நர்ஸ் ட்ரேயோடு வந்தாள். அவர் வாய் திறப்பதற்குள் எதிர்க் கட்டிலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"இப்பதானே வந்துட்டுப் போனேன்?" என்றாள் அவள்.

கோபமில்லை. சலிப்புதான்.

நல்லசிவம் வாயை மூடிக்கொண்டார். அதே வார்த்தைகளை அன்று காலையில் அவரும் சொல்லியிருந்தார். மூத்திரப் பாட்டில் கேட்ட கருப்பண்ணனிடம்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து தணிந்த குரல் வந்தது.

"தம்பி, வயிறு முட்டுதா?"

நல்லசிவம் தலையை மட்டும் ஆட்டினார்.

"கேக்கக் கூச்சமா இருக்குல்ல?"

நல்லசிவம் கால்களை ஒடுக்கிக்கொண்டார்.

"தண்ணியக் குறைச்சுக்குங்க. மொதல்ல நாக்கு வறளும். அப்புறம் பழகிடும். பாவம், அவங்களுக்கும் நம்மால தொந்தரவு இருக்காது."

சொல்லிவிட்டு, வெடித்த உதடுகளால் சிரித்தார் கருப்பண்ணன்.

நல்லசிவம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எஸ்தர் வந்தபோதும் அவர் திரும்பவில்லை.

"எழுந்திருங்க," என்றார் எஸ்தர்.

நல்லசிவம் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, கருப்பண்ணன் அருகில் உட்கார்ந்தார்.

கருப்பண்ணன் தம்ளரைப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் முகத்தையே பார்த்தார்.

"குடிக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.